உருகும் இறப்பர்

"வாப்பா, பழைய டயரை உருக்கிப் புதுசா வார்க்க ஏலாதா?" என்று கேட்டாள் மகள். "ஏலாது மகள், கந்தகம் அதன் சங்கிலிகளை நிரந்தரமாகப் பிணைத்துவிட்டது. ஆனா உருகும் இறப்பரும் இருக்கு" என்றேன்.

1956இல் மைக்கேல் சுவார்க், வளரும் முனை சாகாத பல்பகுதியச் சங்கிலிகளைப் பற்றி எழுதினார். ஸ்டைரீன் தீர்ந்ததும் பியூட்டாடையீன், பிறகு மீண்டும் ஸ்டைரீன் சேர்த்தால், ஒரே சங்கிலியில் மூன்று துண்டங்கள். ஒவ்வொன்றின் நீளமும் நம் கையில். முனைத்துண்டங்கள் நடுத்துண்டத்தோடு கலக்காமல், தமக்குள் கூடி நனோமீற்றர் அளவுக் கடின முடிச்சுகளாகும், நடுத்துண்டம் இழுபடும். ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் முடிச்சு இளகும், ஆறினால் இறுகும். அதனால் சப்பாத்து அடியை மீள வார்க்கலாம்.

"அப்ப டயருக்கும் இதையே போடலாமே?"

ஓடிச் சூடேறும் டயரில் அந்த முடிச்சே தளர்ந்துவிடும், மகள். உருகுவதே அதன் பலம், பலவீனமும் அதுதான்.