ஆலைகளும் வாயு எஞ்சினும்

வங்கதேசத்தில் டாக்கா நகரை அடுத்த காஜிப்பூர், நாராயண்கஞ்சு முதலிய இடங்களில், பஞ்சாலைக்காரரும் சாய ஆலைக்காரரும் மின்சாரக் கம்பியை நம்பாமல், ஆலைக்குள்ளேயே இயற்கை வாயுவினால் ஓடும் எஞ்சின்களை ஸ்தாபித்திருக்கின்றனர். கம்பி மின்சாரம் திடீரென நின்றால் நூல் அறும். சாயத் தொட்டியிலுள்ள துணி பாழாகும். ஆகவே இதனை ஆடம்பரமென்று எவரும் கூறார்.

எஞ்சின் புதியதன்று. 1876-ல் ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஆட்டோ அமைத்த நான்கு ஸ்ட்ரோக் யந்திரத்தின் சந்ததியே இது. வாயுவிலுள்ள சக்தியில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பங்கு மின்சாரமாகிறது, மிச்சம் வெப்பம். தூரத்து மின்நிலையத்தில் அவ்வெப்பம் பெரும்பாலும் வானத்திற்கும் ஆற்றிற்குமே போய்ச் சேரும். ஆலையிலோ, புகைக்குழாயில் ஒரு கொதிகலனைப் பொருத்திவிட்டால் சாயமிட வேண்டிய நீராவி கிடைக்கிறது. எண்பது பங்கு வரை பிரயோஜனப்படும். அவ்வாறு செய்யாத முதலாளி, கறந்த பாலில் பாதியைத் தரையில் கொட்டுகிறவனுக்கு ஒப்பாவான்.

எஞ்சின் சொந்தமாயினும், குழாயின் திருகு யார் கையில் இருக்கிறது? உள்நாட்டு வாயு போதாமையால் 2018 முதல் அத்தேசம் திரவமாக்கிய வாயுவைக் கப்பலில் தருவித்து வருகிறது. 2022-ல் உலகச் சந்தையில் விலை மிகுந்தபோது, ஒப்பந்தத்திற்கு வெளியே வாங்குவதை ஸர்க்கார் நிறுத்தினர், குழாயில் அழுத்தம் குன்றியது, ஆலைகள் தத்தளித்தன. 2023 பிப்ரவரியில் ஆலை எஞ்சின்களுக்குரிய வாயுவின் விலை, கன மீட்டருக்கு 16 டாகாவிலிருந்து 30 டாகாவாயிற்று. வெப்பத்தை வீணாக்குவோனுக்கும் பயன்படுத்துவோனுக்கும் ஒரே விலை! விலையேற்றம் தவிர்க்க முடியாததாயின், முதலில் ஆலைதோறும் வெப்பக் கணக்கெடுத்து, சிக்கனமாய் நடத்துவோருக்குச் சலுகை அளித்திருக்கலாமென்பதே நமது அபிப்பிராயம்.