லேப்டாப் எழுந்திருக்கவில்லையா? பதறாதீர்கள்!

அஞ்சறைப் பெட்டி இல்லாத சமையலறை உண்டா? கடுகுக்கு ஒரு கிண்ணம், வெந்தயத்துக்கு ஒன்று, மிளகு, சீரகம் எல்லாம் தனித்தனி. சில வீடுகளில் ஒரு கிண்ணத்தைக் காலியாக விட்டு, அதில் சில்லறையும் பீரோ சாவியும் போட்டு வைப்பார்கள். நம் லேப்டாப்புக்குள் இருக்கிற டிஸ்க்கும் ஏறக்குறைய இந்தப் பெட்டி மாதிரிதான். வெளியே பார்த்தால் ஒரே சாமான். உள்ளே பல தடுப்புகள். அந்தத் தடுப்புகளைத்தான் ‘பார்ட்டிஷன்’ என்கிறார்கள்.

விண்டோஸோடு கடையிலிருந்து வருகிற லேப்டாப்பில் பெரிய தடுப்பு ‘சி’. விண்டோஸும், நம் படங்களும், கணக்குகளும் இருப்பது பெரும்பாலும் அங்கேதான். முன்பக்கம் ‘இ.எஃப்.ஐ.’ என்று ஒரு குட்டித் தடுப்பு, 100 எம்.பி.யோ 260 எம்.பி.யோ இருக்கும். பொத்தானை அமுக்கியதும் லேப்டாப் முதலில் தேடிப் போவது இதைத்தான். விண்டோஸ் எங்கே இருக்கிறது, எப்படி எழுப்புவது என்ற விவரம் இதில் இருக்கிறது. அதாவது, இதுதான் பீரோ சாவி! கடைசியில் ‘ரெக்கவரி’ என்ற தடுப்பு. விண்டோஸுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் வைத்தியம் பார்க்கிற சாமான்கள் இதில். பெரும்பாலும் 500 எம்.பி.யிலிருந்து ஒரு ஜி.பி.வரை. சில கம்பெனிகள் விண்டோஸ் முழுவதையும் திரும்பப் போட 10, 20 ஜி.பி.க்குத் தனியாக இன்னொரு தடுப்பும் வைத்து அனுப்புகிறார்கள்.

வம்பு ஆரம்பிப்பதே இந்தக் கடைசித் தடுப்பில்தான்.

“அம்மா, லேப்டாப்புல இடமே பத்தலை. ரெக்கவரின்னு ஒண்ணு சும்மா கிடக்கு. அதை அழிச்சுட்டா இடம் கிடைக்கும்” என்கிறான் பிள்ளை. “என்னவோ பண்ணு, எனக்கென்ன தெரியும்!” என்று நாமும் அடுப்படிக்குப் போய்விடுகிறோம். விண்டோஸ் சாமானியமாக அதை அழிக்க விடுவதில்லை. தடுப்புகளைக் காட்டுகிற ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் அதன்மேல் கிளிக் செய்தால் அழிக்கும் வசதி பெரும்பாலும் வரவே வராது. பிள்ளை விடுவானா? ‘டிஸ்க்பார்ட்’ என்ற கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளை அடித்து, வலுக்கட்டாயமாக அழிக்கிறான். அங்கே தடுப்புகளுக்குப் பெயர் சரியாகத் தெரியாது, எண்கள்தான். ஒரு எண் தவறினால் ரெக்கவரிக்குப் பதில் இ.எஃப்.ஐ. போய்விடும்!

ஒன்று சொல்ல வேண்டும். ரெக்கவரியை மட்டும் அழித்திருந்தால் லேப்டாப் வழக்கம்போல எழுந்துவிடும். நோய் வந்தால் மருந்துப் பெட்டி இருக்காது, அவ்வளவுதான். அழித்த பிறகு எழுந்திருக்கவே மறுக்கிறது என்றால் வேறு ஏதோ கூடவே நடந்திருக்கிறது. பக்கத்துத் தடுப்பும் போயிருக்கலாம். கிடைத்த இடத்தை ‘சி’யோடு சேர்க்கிறேன் என்று வேறு சாஃப்ட்வேரை ஓட்டி, அது பாதியில் நின்றிருக்கலாம். விண்டோஸ் 7 காலத்துப் பழைய லேப்டாப்பாக இருந்தால், எந்தத் தடுப்பிலிருந்து எழ வேண்டும் என்ற ‘ஆக்டிவ்’ குறி இடம் மாறியிருக்கலாம்.

இவற்றில் பெரும்பாலும் தொலைந்தது சாவிதான். பீரோவுக்குள் நகை பல சமயம் பத்திரமாகவே இருக்கும். இதைப் புரிந்து கொள்ளாமல்தான் பலர் பீரோவையே காலி செய்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி வீட்டிலேயே பொடி, ஊறுகாய் போட்டு விற்கிறார். யார் யார் பாக்கி, யாருக்கு எந்த ஊருக்கு அனுப்பினோம் என்று நாலு வருஷத்துக் கணக்கு முழுவதும் லேப்டாப்பில். மகன் இடம் பிடிக்கப் போய், மறுநாள் காலை கறுப்புத் திரை. அவசரமாக ஒரு கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார். “விண்டோஸ் போயிடுச்சுக்கா, ஃபார்மட் பண்ணிடலாம், சாயந்திரம் வாங்க” என்றார்கள். சாயந்திரம் லேப்டாப் புத்தம் புதிதாக வந்தது, கணக்கும் இல்லை, மகனின் சின்ன வயசுப் படங்களும் இல்லை. “கேட்டிருந்தா முதல்ல காப்பி எடுத்திருப்போமே அக்கா” என்றார்களாம் கடையில். கேட்க வேண்டும் என்றே இவருக்குத் தெரியாதே, பாவம்!

ஆகையால், கடைக்குப் போனால் வாயைத் திறந்து சொல்லுங்கள்: “ஃபார்மட் வேண்டாம். முதலில் ‘சி’யில் இருப்பதை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துத் தாருங்கள். பிறகு பூட் ஃபைல்களை மட்டும் திரும்ப எழுதிப் பாருங்கள்.” விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியம் போதும்.

வீட்டிலேயே முயன்று பார்க்கிறவர்களும் இருக்கிறோம். முதல் வேலை, லேப்டாப்பில் செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், சில சமயம் வியாதியே அதுதான்! அடுத்து, பொத்தானை அமுக்கியதும் எஃப் 2 சாவியைத் தட்டிக் கொண்டே இருந்தால் (ஹெச்.பி.யில் எஃப் 10) ‘பயாஸ்’ திரை வரும். அதில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் நிம்மதி. தெரியவே இல்லையென்றால் டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம். அது வேறு வைத்தியம், மேற்கொண்டு கை வைக்காதீர்கள்.

டிஸ்க் தெரிந்தால், நன்றாக ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டரும், குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓட்டினால் பென் டிரைவ் விண்டோஸ் டிரைவாக மாறிவிடும். ஜாக்கிரதை, அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்! கல்யாண ஆல்பம் இருக்கிற பென் டிரைவை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அதை நோயாளி லேப்டாப்பில் செருகி, பென் டிரைவிலிருந்து எழுப்ப வேண்டும். டெல், லெனோவா, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்.பி.யில் எஃப் 9, ஆசஸில் எஸ்கேப். பொத்தானை அமுக்கியவுடனே தட்டத் தொடங்கினால்தான் பட்டியல் வரும். பிறகு வருகிற திரையில் ‘இன்ஸ்டால்’ என்பதைத் தொடவே தொடாதீர்கள். ‘ரிப்பேர்’ என்று பக்கத்திலோ கீழ் மூலையிலோ இருக்கும். அதற்குள் ‘ட்ரபிள்ஷூட்’, அதற்குள் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. நம்முடைய படங்களையோ கணக்குகளையோ இது தொடுவதில்லை, சாவியை மட்டும் தேடுகிறது. ஒரு தடவையில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை ஓட்டலாம்.

அதற்கும் மசியவில்லையென்றால் ‘பிசிடிபூட்’ என்று ஒரு கட்டளை உண்டு. ‘சி’யில் இருக்கும் விண்டோஸிலிருந்தே பூட் ஃபைல்களை எடுத்து, சாவித் தடுப்பில் புதிதாக எழுதிவிடும். தடுப்பே அழிந்து போயிருந்தால், காலியான இடத்தில் புதிய இ.எஃப்.ஐ. தடுப்பு ஒன்று கட்டி, அதில் எழுத வேண்டும். பிள்ளை காலி செய்த இடம் கடைசியில் இதற்காவது உதவும்! ஆனால் இது கை பழகினவர்கள் செய்ய வேண்டிய காரியம். மறுபடி எண் தவறினால் இந்தத் தடவை போவது ‘சி’யாக இருக்கும்.

ஒருவேளை ‘சி’யே அழிந்து போயிருந்தாலும் உடனே கண்ணைக் கசக்க வேண்டாம். தடுப்பை அழிக்கும்போது பெரும்பாலும் பட்டியலில் அதன் பெயர்தான் அடிபடுகிறது. உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச சாஃப்ட்வேர் தேடிப் பிடித்துத் தரக்கூடும். ஒரே நிபந்தனை, அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதியிருக்கக் கூடாது. தெரிந்த மறுநிமிஷமே லேப்டாப்பை அணைத்து வைத்துவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் அணைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இதற்கு நடுவே ஒரு நீலத் திரை வந்து நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஓர் எண் கேட்டால் திகைக்காதீர்கள். ‘பிட்லாக்கர்’ என்ற பூட்டு அது. லேப்டாப் திருட்டுப் போனாலும் பிறர் படிக்க முடியாதபடி டிஸ்க்கையே பூட்டி வைக்கிறது. நாம் போடாமலே விழுந்திருக்கும். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து புதிய லேப்டாப்புகளில் இது இன்னும் தாராளமாகத் தானே விழுகிறது. முதலில் லேப்டாப்பை ஓட்டத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பெரும்பாலும் சேமித்திருக்கும். செல்போனிலேயே கணக்கைத் திறந்து பார்க்கலாம். எண் கிடைக்காவிட்டால் எந்தக் கடைக்காரராலும் உள்ளே இருப்பதை மீட்க முடியாது. முடியும் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

காப்பி எடுத்தாகிவிட்டது, எப்படியும் சரியாகவில்லை என்றால் அப்போது தாராளமாக ஃபார்மட் செய்யலாம். “விண்டோஸுக்குத் தனியா பணம் ஆகும்” என்றால் சற்று நில்லுங்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்ற லேப்டாப்புகளில் அதன் ‘கீ’ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே வகை விண்டோஸைத் திரும்பப் போட்டால் தானே பிடித்துக் கொள்ளும். கூலி கேட்பது நியாயம். புதிதாக ‘கீ’ வாங்க வேண்டியதில்லை. டெல், ஹெச்.பி., லெனோவா ஆகியவை லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கொடுத்தால், பல மாடல்களுக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுவரும் சாமானை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அழிந்த ரெக்கவரித் தடுப்புக்கு இது ஈடு.

இன்னும் நன்றாக ஓடிக் கொண்டிருக்கிற லேப்டாப் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. விண்டோஸின் தேடும் பெட்டியில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று அடியுங்கள். 16 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைச் செருகினால் மருந்துப் பெட்டி வெளியிலும் ஒன்று தயாராகிவிடும். கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் துணி மடித்து வைத்துவிடலாம். நம் படங்களும் கணக்கும் இதில் ஏறாது, அவற்றுக்குத் தனி டிஸ்க்கில் காப்பி வேண்டும். பிட்லாக்கர் எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற இடத்திலேயே வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பென் டிரைவைப் புதிதாகச் செய்வது நல்லது. அதன் மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது சினிமாப் பாட்டு ஏற்றிக் காருக்கு எடுத்துப் போய்விடுவார்கள்!