கதவைச் சாத்தினால் மிச்சமா?

ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் நம் வீடுகளில் திட்டு விழும். இங்கிலாந்தில் அந்தத் திட்டு ரேடியேட்டருக்கு. ஜனவரியில் அங்கே உறவினர் வீட்டில் தங்கியவர்கள் பார்த்திருப்பார்கள்: ஜன்னலுக்குக் கீழே வெள்ளை இரும்புப் பலகை, அதன் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட ஒரு குமிழ். அறை காலியானதும் யாராவது வந்து குமிழைத் திருகி மூடி, கதவையும் சாத்திவிட்டுப் போவார்கள். கேஸ் பாய்லர் ஓடும் வீட்டில் அது சரியான சிக்கனம். பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்த வீட்டிலோ, அதே குமிழை மூடினால் மின்கட்டணம் குறையாமல் போகலாம். சில சமயம் ஏறவும் ஏறும்.

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சூடாக இருக்கும். உள்ளே வைத்த சாம்பாரிலிருந்து உருவிய சூடும் அதில் சேர்த்தி. ஹீட் பம்ப் வீட்டுக்கு வெளியே இருக்கும் காற்றிலிருந்து அப்படி உருவுகிறது. பனி விழும் காற்றில் ஏது சூடு என்று தோன்றும். 0 டிகிரி நமக்குத்தான் குளிர். புதிய இயந்திரங்கள் பலவற்றில் சுற்றுவது புரொப்பேன். நம் சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருகிற அதே வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது −42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு உறைபனிக் காற்றும் ஓர் அடுப்பு. ஆவியானதைக் கம்ப்ரஸர் அழுத்தினால் சூடேறும். அந்தச் சூடு ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீரில் இறங்கும். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் தூக்குகூலி வேலைதான். அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட், 4 யூனிட் வெப்பம் கிடைக்கிறது.

கூலி எவ்வளவு என்பது தூக்கும் உயரத்தைப் பொறுத்தது. தண்ணீர் 35 டிகிரியில் போதுமென்றால் இயந்திரம் அலட்டிக்கொள்ளாது. 55 கேட்டால் மூச்சு வாங்கும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் திறன் ஏறத்தாழ 2 முதல் 2.5 சதவீதம் குறையும். பாய்லர் வீட்டில் 70 டிகிரித் தண்ணீர் ஓடும் ரேடியேட்டரில் கையை வைத்திருக்க முடியாது. நன்றாக அமைத்த ஹீட் பம்ப் வீட்டில் அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். "இது ஓடுதா இல்லையா?" என்று வயதானவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது அந்தக் குமிழுக்கு வருவோம். ஒரு கணக்குக்காக, வெளியே 0 டிகிரி, நான்கு அறை வீட்டுக்கு 4 கிலோவாட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். எல்லா ரேடியேட்டரும் திறந்திருந்தால் 43 டிகிரித் தண்ணீர் போதும். திறன் 3.5 மடங்கு, அதாவது மின்சாரம் 1.14 கிலோவாட். இரண்டு அறைகளை மூடுகிறோம். வெப்பத்தேவை பாதியாகாது. உள்சுவர்கள் மெல்லியவை, மூடிய அறை பக்கத்து அறையின் சூட்டை நைசாக இழுத்துக்கொண்டே இருக்கும். தேவை 3.3 கிலோவாட்டுக்கு இறங்கியதாகக் கொள்வோம். ஆனால் அதைக் கொடுக்க மிச்சம் இருப்பது பாதி ரேடியேட்டர்கள். அவை ஈடுகொடுக்க வேண்டுமானால் தண்ணீர் 52 டிகிரிக்குப் போகவேண்டும். திறன் 2.8 ஆகச் சரியும். மின்சாரம் 1.18 கிலோவாட். இரண்டு அறை குளிரில் கிடக்க, மீட்டர் மட்டும் கொஞ்சம் வேகமாகவே ஓடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இன்வெர்ட்டர் ஏசி போல இதுவும் வேகத்தைக் குறைத்து ஓடும், ஆனால் ஓரளவுக்குத்தான். 12 கிலோவாட் இயந்திரம் பெரும்பாலும் 3, 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. வீட்டைப் பல 'ஸோன்'களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெர்மோஸ்டாட் மாட்டியாயிற்று. இரவில் ஒரு சின்னப் படுக்கையறை மட்டும் 600 வாட் கேட்கிறது. இயந்திரம் கிளம்பும், சில நிமிடத்தில் தண்ணீர் சூடேறிவிடும், நிற்கும், மறுபடி கிளம்பும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கும் டவுன் பஸ் எரிபொருளைக் குடிப்பதுபோல இது மின்சாரத்தைக் குடிக்கும், கம்ப்ரஸரும் தேயும். மருந்தாக நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள். சூடான தண்ணீரும் திரும்பி வரும் ஆறின தண்ணீரும் அதில் கலந்துவிட்டால், இழந்த சூட்டை ஈடுகட்ட மறுபடியும் உயரத் தூக்கவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 150 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீட்டுக்குக் குறைந்தது இரண்டு ஸோன் வேண்டும் என்பது இங்கிலாந்துக் கட்டட விதிகளின் வழிகாட்டுதல். பாய்லர் காலத்துப் புத்தி அது. ஸோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் தனியாக நிற்கும் அலுவலக அறைக்கு அது நியாயம். ஆனால் அறைக்கு அறை ஸ்மார்ட் குமிழ் வாங்கி மாட்டுவது, பல வீடுகளில் காசு கொடுத்து வாங்கிய தலைவலி.

படுக்கையறை 18, கூடம் 21 என்று வேறுபாடு வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. ரேடியேட்டரின் மறுமுனையில், பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு சின்ன வால்வு ஒளிந்திருக்கும். ஸ்பேனரால் அதைக் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்கினால் அந்த அறைக்குப் போகும் தண்ணீர் குறையும், நிற்காது. இயந்திரத்துக்கு வீடு முழுவதும் ஒரே ஸோனாகத்தான் தெரியும்.

மிச்சத்தை வெளிச்சுவரில் பொருத்திய உணரி பார்த்துக்கொள்ளும்: வெளியே குளிர் கூடினால் தண்ணீரின் சூட்டைக் கூட்டும், தணிந்தால் குறைக்கும். எந்த அளவுக்கு என்பதை வீட்டுக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். குமிழ்களையெல்லாம் திறந்துவைத்து, சில நாளுக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் சூட்டைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஒருநாள் காலையில் வீட்டில் யாராவது போர்வையோடு காப்பி குடிக்க வருவார்கள். அன்றைக்கு ஒரு டிகிரி ஏற்றிவிட்டு, அப்படியே விட்டுவிடலாம்.