ஆலங்கட்டி மழையும் வீட்டுக் கூரையும்

ஆலங்கட்டி மழை என்றதும் வயலில் சாய்ந்து கிடக்கும் பயிரே பெரும்பாலோரின் நினைவுக்கு வருகிறது. ஆனால் அம்மழை அடிக்கடி பெய்யும் பிரதேசங்களில் பயிருக்கு நேரும் சேதத்தைப் போலவே கூரைக்கு நேரும் சேதமும் குடும்பங்களை வருத்துகிறது. 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள மொராதாபாத் அருகே, வாத்து முட்டை, ஆரஞ்சுப் பழம், கிரிக்கெட் பந்து ஆகியவற்றின் பருமனுள்ள கட்டிகள் விழுந்து 246 பேர் மாண்டனர். ஆலங்கட்டியால் நேர்ந்த உயிர்ச்சேதங்களுள் இதுவே மிகப் பெரியதென உலக வானிலை நிறுவனம் 2017-இல் அறிவித்தது. 2024-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி மணிப்பூரில் பெய்த ஆலங்கட்டி மழையில், இம்பால் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏராளமான வீடுகளின் தகரக் கூரைகள் துளைபட்டன.

இத்தகைய சேதத்தை முற்றிலும் தடுத்தல் இயலாது. எனினும் குறைக்க இயலும். நேர்ந்த சேதத்தை உரிய காலத்தில் பதிவு செய்து வைத்தால் நிவாரணம் பெறுவதும் எளிதாகும். இவ்விரண்டிலும் கிராமப் பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை பல உண்டு.

கட்டியின் பருமனும் அதன் வேகமும்

இடிமேகத்தினுள் வலிமையாக மேலெழும் காற்று நீர்த்துளிகளை உறைநிலைக்கும் கீழான குளிர்ப் பகுதிக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கு உறைந்த சிறு கட்டியின் மீது, உறையாமலே மிகக் குளிர்ந்திருக்கும் துளிகள் ஒட்டி உறைகின்றன. காற்றினால் தாங்க இயலாத அளவு கனத்தபின் கட்டி தரையை நோக்கி விழுகிறது. குறுக்களவு 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளதே ஆலங்கட்டி எனப்படும். வடகிழக்கு மாநிலங்களில் மார்ச் முதல் மே வரையிலும், மகாராஷ்டிரத்திலும் மத்திய இந்தியாவிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

இங்கு கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. கட்டியின் குறுக்களவு இரு மடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகிறது. விழும் வேகமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஆகவே அது கூரையைத் தாக்கும் ஆற்றல் சுமார் பதினாறு மடங்கு பெருகுகிறது. 2.5 சென்டிமீட்டர் கட்டியின் எடை ஏறத்தாழ 7 கிராம். 5 சென்டிமீட்டர் கட்டியின் எடையோ 60 கிராமை எட்டும். முன்னது தகட்டில் சிறு குழி விழச் செய்யும். பின்னது துருப்பிடித்த தகட்டைத் துளைத்துவிடலாம். எனவே "பெரிய கட்டிகள் விழுந்தன" என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுவதே பயனுள்ள குறிப்பாகும்.

கூரைகளின் தன்மை

ஓலை, வைக்கோல் கூரைகள் அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆயினும் உடன் வீசும் காற்றினால் பிரிந்து நனைந்துவிடும். ஓட்டுக் கூரையில் ஓடுகள் உடையும்; ஆனால் உடைந்தவற்றை மட்டும் மாற்றினால் போதும். கல்நார் சிமெண்டுத் தகடு கடினமானது. எனினும் எளிதில் நொறுங்கக்கூடியது. மேற்புறத்தில் ஒன்றும் தெரியாதபோதும் அடிப்புறத்தில் நட்சத்திர வடிவில் வெடிப்பு ஓடியிருக்கலாம். துத்தநாகம் பூசிய நெளி இரும்புத் தகடு குழிந்தாலும் உடனே ஒழுகுவதில்லை. அதன் பலவீனம் துருவேறிய இடங்களிலும் போல்ட்டுத் துளைகளிலும் உள்ளது.

அஸ்ஸாமிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் நாணல் சுவரும் மெல்லிய தகட்டுக் கூரையும் கொண்ட "அஸ்ஸாம் வகை" வீடுகள் பரவியதற்குத் தக்க காரணம் உண்டு. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் கனத்த கட்டடங்கள் இடிந்து வீழ்ந்தன. பூகம்பத்திற்கு இலேசான கூரையே பாதுகாப்பு. ஆகையால் ஆலங்கட்டிக்கு அஞ்சிக் கூரையின் மேல் கற்களையோ மண்ணையோ ஏற்றுமாறு எவருக்கும் அறிவுரை கூறலாகாது. இலேசான கூரையையே உறுதியாக்குவதுதான் தக்க வழி.

பருவத்திற்கு முன் செய்யவேண்டியவை

1. துருவேறி மெலிந்த தகடுகளை மாற்றுதல் வேண்டும். புதிதாக வாங்குவோர், வசதி இருப்பின், 0.4 மில்லிமீட்டர் தகட்டைவிட 0.63 மில்லிமீட்டர் தகட்டையே தேர்ந்தெடுத்தல் நலம்.

2. கொக்கி போல்ட்டுகளை நெளியின் மேட்டிலேயே பொருத்த வேண்டும்; பள்ளத்தில் பொருத்தினால் நீர் இறங்கும். ஒவ்வொன்றின் கீழும் தார் வாஷர் கெடாமல் இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

3. நீர்த்தாரைகளையும் கூரைச் சந்திப்புகளையும் சருகின்றித் துப்புரவு செய்தல் வேண்டும். ஆலங்கட்டிகள் அங்குக் குவிந்து அடைத்துக்கொண்டால், தேங்கிய நீர் தகடுகளின் இணைப்பு வழியே வீட்டினுள் புகும். காங்கிரீட் கூரைக்கும் இது பொருந்தும்.

4. கூரைக்குக் கீழே மூங்கில் பாய்த் தளம் அமைத்தால், துளைத்து வரும் கட்டியும் உடைந்த துண்டுகளும் வீட்டாரின் தலைமேல் விழாமல் அது தடுக்கும்.

5. தார்ப்பாய் ஒன்று, கயிறு, சில மாற்று ஓடுகள் ஆகியவற்றைக் கைவசம் வைத்திருத்தல் நன்று.

பதிவின் அவசியம்

ஆலங்கட்டி மழை, மைய அரசின் பேரிடர் நிவாரண விதிகளில் சேர்க்கப்பட்ட பேரிடர்களுள் ஒன்றாகும். 2022–23 முதல் 2025–26 வரையிலான காலத்திற்கு வகுக்கப்பட்ட விதிகளின்படி, குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த நிலையான வீட்டிற்கு 6,500 ரூபாயும், கச்சா வீட்டிற்கு 4,000 ரூபாயும் குறிக்கப்பட்டன. எனவே 15 விழுக்காடு என்ற எல்லையை வீடு எட்டியதா என்பதே ஏழைக் குடும்பத்திற்கு முக்கியமான கேள்வியாகிறது. அதிகாரி வந்து பார்ப்பதற்குள் பனிக்கட்டி உருகிவிடும். மழைக்கு அஞ்சிய வீட்டார் உடைந்த தகடுகளையும் மாற்றிவிடுவர். பின்னர் காட்டுவதற்கு யாதும் இராது. பழுது பார்ப்பதைத் தாமதிக்கச் சொல்வது நியாயமன்று. பழுதுபார்க்கும் முன் பதிவு செய்வதே தக்க வழியாகும்.

பதிவு மூன்று கட்டங்களாக அமைய வேண்டும்.

முதலாவது, பருவத்திற்கு முந்தைய பதிவு. கூரையின் எளிய வரைபடத்தில் திசைகளைக் குறித்து, ஒவ்வொரு சரிவிலும் எத்தனை தகடுகள் அல்லது ஓடுகள், எப்பொருளால் ஆனவை, எந்த ஆண்டு வேய்ந்தவை, ஏற்கனவே உள்ள துளைகள் எவை என்பனவற்றை எழுத வேண்டும். நான்கு மூலைகளிலிருந்தும் உள்ளேயிருந்தும் புகைப்படங்கள் எடுத்தல் சிறப்பு. பழைய குறைகளை மறைக்காமல் எழுதிய பதிவே பின்னர் நம்பிக்கைக்கு உரியதாகும்.

இரண்டாவது, மழை நாளின் பதிவு. தொடங்கிய நேரம், நின்ற நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுத வேண்டும். இடியும் கட்டியும் நின்ற பின்னரே வெளியே செல்லலாம். பெரிய கட்டிகள் சிலவற்றை உடனே பொறுக்கி, அளவுகோலின் அருகில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். புகைப்படக் கருவி இல்லையெனில், காகிதத்தின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றுக்கோடு வரைந்து தேதியும் நேரமும் இடுவது போதுமானது.

மூன்றாவது, சேதப் பதிவு. பகல் வேளையில் கதவு, சன்னல்களை அடைத்து அறையை இருட்டாக்கி மேலே நோக்கினால், ஒளிப் புள்ளிகள் துளைகளைக் காட்டிவிடும். அவற்றை எண்ணி வரைபடத்தில் குறித்தல் வேண்டும். மொத்தத் தகடுகள் இருபது, பயனற்றுப் போனவை மூன்று எனில், கூரையில் 15 விழுக்காடு பழுதுற்றது என்று கணக்கிடலாம். வீட்டின் மொத்தச் சேதத்தை முடிவு செய்வது அதிகாரியின் பொறுப்பு. ஆயினும் அவருக்கு இக்கணக்கு உறுதியான ஆதாரமாகும்.

புதிய சேதத்தைப் பழையதிலிருந்து பிரித்தறிவதும் கடினமன்று. புதிதாக உடைந்த விளிம்பு தூய்மையாக இருக்கும். பழைய துளையின் ஓரம் துருவேறியிருக்கும். அழுக்கேறிய பரப்புகளில் கட்டி விழுந்த இடம் மட்டும் வெளுத்த புள்ளியாகத் தெரியும். நாளடைவில் அது மறைந்துவிடும். காற்று வந்த திசையை நோக்கிய சரிவில் அடிகள் மிகுந்திருப்பதும் ஒரு சான்றாகும்.

இப்பணியில் ஈடுபடுவோர் கல்நார்த் தகட்டின்மீது நேரே கால் வைத்தல் கூடாது. குறுக்குச் சட்டங்களின்மேல் பலகையிட்டே நடக்க வேண்டும். உடைந்த துண்டுகளை அறுக்காமலும் நொறுக்காமலும், நீரால் நனைத்து அகற்ற வேண்டும். அத்தூசு நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும்.

பள்ளிகளின் பங்கு

பள்ளிகளில் எளிய சாதனம் ஒன்றை அமைக்கலாம். சுமார் 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள நுரைப் பலகையை அலுமினியத் தாளால் போர்த்தித் திறந்த வெளியில் கிடையாகப் பொருத்த வேண்டும். விழுந்த கட்டிகள் அதில் குழிகளை ஏற்படுத்தும். மாணவர்கள் அவற்றை எண்ணி, குறுக்களவைக் குறித்து, தேதியிட்டுப் பாதுகாக்கலாம். கட்டிகள் உருகிய பின்னும் அவற்றின் தடயம் அழிவதில்லை. ஆலங்கட்டி மழை குறுகிய பரப்பில் பெய்து ஓய்வது. வானிலை நிலையம் இல்லாத கிராமத்தில் அது பெய்ததற்கு இத்தகைய பலகையே சாட்சியாக நிற்கக்கூடும்.

இந்திய வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்திற்கான இடிமழை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அவற்றைக் கிராமத்தாருக்கு எடுத்துரைப்பதும், பிப்ரவரியிலேயே வீடுதோறும் கூரைப் பதிவைத் தொடங்கி வைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் பணிகளல்ல. ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் அளவுகோலும் இருந்தால், கூரை இழந்த குடும்பம் தன் இழப்பை மெய்ப்பிக்க இயலாமல் நிற்கும் நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம்.