வேப்பிலை உதிரும் மாசி... மாடித்தோட்டத்துக்கு இதுதான் முக்கியமான நேரம்!

மாசி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. தெருமுனை வேப்பமரம் இலையை எல்லாம் கொட்டிவிட்டு, செம்பழுப்புக் கொழுந்து விட ஆரம்பித்திருக்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் வசந்தம் இப்படித்தான் வரும். வந்த சுவடே தெரியாமல் வெயிலிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

பொங்கல் முடிந்த கையோடு ஆசை ஆசையாகப் பைகள் வாங்கி, மண் நிரப்பி, விதை போட்ட எத்தனையோ வீடுகளில் மே மாதம் மிஞ்சுவது காய்ந்த குச்சிகள்தான். ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று பைகளை மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாசி, பங்குனியில் செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் தவறிப்போனதுதான் காரணம். அக்னி நட்சத்திரத்தில் செடி பிழைக்குமா என்பது இந்த நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் கழித்தல்... பிறகு கூட்டல்!

பனிக்காலத்தில் காய்த்து ஓய்ந்த தக்காளி, பீன்ஸ், காலிஃபிளவர் செடிகளை ‘இன்னும் நாலு காய் வரும்’ என்று விட்டுவைக்கக் கூடாது. வயதான செடிதான் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் முதல் வீடு. வேரோடு பிடுங்கிவிடுவது நல்லது. நோய் இல்லாத செடியை நறுக்கி உரத்தொட்டியில் போடலாம்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. கோடையில் பெரிய பை ஒன்றுக்கு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 30 பைக்கு 60 லிட்டர். அதாவது தினமும் நாலைந்து குடம். அதை மாடிக்குத் தூக்கப்போவது யார்? நிறைய வீடுகளில் அந்த வேலை கடைசியில் அம்மாவின் இடுப்பில்தான் வந்து உட்கார்கிறது. மாடியில் குழாய் இல்லை, தூக்க ஆள் இல்லை என்றால் பத்துப் பை போதும். முப்பது பையைக் காயவிடுவதைவிடப் பத்துப் பையைப் பச்சையாக வைத்திருப்பதே மேல்.

பழைய மண்ணுக்குப் புது உயிர்

ஒருமுறை விளைந்த மண்ணைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. தார்ப்பாய் மேல் கொட்டி, கட்டிகளை உடைத்து, பழைய வேர்களையும் வெள்ளைப் புழுக்களையும் பொறுக்கிவிட்டு, மூன்று நாள் வெயிலில் காயவிட வேண்டும். பிறகு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய உரமோ மண்புழு உரமோ கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் சேர்த்து, ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்திருந்தால் மண் தயார்.

புதிதாகத் தென்னைநார்க்கழிவு சேர்ப்பவர்கள், கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும். பை நிறைய மண் போடாமல், மேலே மூன்று விரல் இடம் விட வேண்டும். தண்ணீர் நிற்கவும் மூடாக்குப் போடவும் அந்த இடம் உதவும்.

எதை விதைக்கலாம்?

வெயிலுக்கு அஞ்சாதவை வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை, அரைக்கீரை, வெள்ளரி, பீர்க்கு, சுரை, பாகல், புடலை. காலிஃபிளவர், நூல்கோல், பட்டாணி போன்றவற்றை அடுத்த பனிக்காலத்துக்கு ஒத்திப்போடலாம். கொத்தமல்லி போட்டே ஆக வேண்டும் என்றால் நிழலில் போடலாம். வெயிலில் வைத்தால் தழை வருவதற்குள் பூத்துவிடும்.

வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். 45 நாளில் பறிக்கலாம். மாசி நடுவில் ஊன்றினால் சித்திரை முதல் நாள் சாம்பாருக்குச் சொந்த வெண்டைக்காய்! கீரை விதை பொடியாக இருக்கும். மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. 25 முதல் 30 நாளில் கீரை சட்டிக்கு வந்துவிடும். முதன்முதலாகத் தோட்டம் போடுபவர்கள் கீரையில் ஆரம்பிப்பது நல்லது. சீக்கிரம் பலன் கண்ணில் பட்டால்தான் அடுத்த விதைக்கு மனசு வரும்.

‘கொடி நிறையப் பூக்குது, பிஞ்சு நிற்க மாட்டேங்குது’ என்பது பலரின் புலம்பல். மாடிக்குத் தேனீ வருவது குறைவு. அதனால் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் நாமே மெதுவாகத் தொட்டுவிட வேண்டும். இதிலும் நேரம் உண்டு. பூசணி, பாகல் பூக்கள் காலையில் விரியும். சுரை, பீர்க்கு, புடலை பூக்கள் மாலையில்தான் விரியும். சுரைப்பூவைக் காலை பத்து மணிக்குத் தேடினால் வாடிய பூதான் கிடைக்கும்.

பூச்செடிக்கும் கறிவேப்பிலைக்கும்...

முல்லைக்குக் கவாத்து செய்யும் காலம் ஜனவரி கடைசி வாரம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி. அப்போது வெட்டாமல் விட்டவர்கள் இப்போது குண்டுமல்லியை ஒட்ட வெட்டினால் இந்தப் பருவத்துப் பூ போய்விடும். காய்ந்த குச்சியையும் பழுத்த இலையையும் மட்டும் நீக்கி, தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, உரம் வைத்தால் போதும்.

கறிவேப்பிலையின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். புதுத் தளிரில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டியிருக்கலாம். பதற வேண்டாம், அது வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. செடி பெரியதாக இருந்தால் ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம். புழு கூட்டுப்புழுவாகிப் பறப்பதைக் குழந்தைகள் வீட்டிலேயே பார்க்கலாம்.

செம்பருத்தியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவதும்தான் முதல் வைத்தியம். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். கடும் விஷ மருந்து வேண்டாம். 2008-ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதை எல்லாம் தின்று தீர்த்தது. மருந்துக்கு மசியாத அதை அடக்கியது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குட்டிக் குளவிகள். விஷம் தெளித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட நண்பர்கள்தான்.

காசில்லாமல் கிடைக்கும் குடை

இந்த மாதத்தில் வேம்பு, அரசு, புங்கன் எல்லாம் இலை உதிர்க்கின்றன. தெருவில் அவற்றைக் கூட்டி நெருப்பு வைக்கிறார்கள். புகை வீட்டுக்குள் வருகிறது. மேலே மாடியில் மண் வெடிக்கிறது. அந்தச் சருகை இரண்டு சாக்கு அள்ளி வந்து, செடியின் தண்டில் படாமல் சுற்றிலும் இரண்டு அங்குலம் பரப்பினால் அதுதான் மூடாக்கு. ஈரம் சீக்கிரம் ஆவியாகாது, வேர் வேகாது. போகப்போக அதுவே மட்கி உரமாகும்.

பங்குனி முடிவதற்குள் 50 சதவிகிதப் பச்சை நிழல்வலை கட்டிவிட வேண்டும். வலைக்கு வசதி இல்லையா? மாலை வெயில் நேராக அடிக்கும் இடத்திலிருந்து, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்துக்குத் தொட்டிகளை நகர்த்தலாம். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளச் சூடு வேருக்கு ஏறாது. தளத்திலும் ஈரம் தங்காது.

தண்ணீரும் தட்டும்

ஏழு மணிக்குள் தண்ணீர் விடுவது நல்லது. மண்ணுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு விட வேண்டாம். அரிசி கழுவிய நீர், ஏசி-யிலிருந்து சொட்டும் நீர் எல்லாம் செடிக்கு ஆகும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம். அதைத் தினமும் ஊற்றினால் மண் கெட்டுவிடும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மறக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். வாரம் ஒருநாள் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த நாளை ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள்.

மண் கிளறுவது அப்பா, தட்டு கழுவுவது பிள்ளைகள், பூவுக்குப் பூ தொட்டுவிடுவது பாட்டி, தண்ணீர் தூக்குவது ஆளுக்கொரு நாள் என்று இப்போதே பிரித்துக்கொண்டால், மே மாத வெயிலிலும் தோட்டம் நிற்கும். அம்மாவின் இடுப்பும் நிற்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ எடுக்க மாடிக்குப் போகிறவர், வரும்போது மடியில் நாலு வெண்டைக்காயும் கட்டிக்கொண்டு வரலாம்.