பெர்முடா பௌல்: சீட்டாட்டத்தின் உலகக் கோப்பை

சீட்டாட்டம் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "நல்ல சீட்டு வந்தவன் ஜெயிக்கிறான், இதில் என்ன திறமை?" என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆட்டம் கான்ட்ராக்ட் பிரிட்ஜ். அதில் அணிகளுக்கான உலகப் பட்டம்தான் பெர்முடா பௌல்.

ஓர் அணியின் ஒரு ஜோடி முதல் மேஜையில் வடக்கு-தெற்காக உட்காரும். மறு ஜோடி இரண்டாவது மேஜையில் கிழக்கு-மேற்காக உட்காரும். இரண்டு மேஜைகளிலும் அதே சீட்டுகள்தான். இங்கே உங்களுக்கு வந்த நல்ல கை அங்கே எதிரணிக்கு வரும். அதை யார் நன்றாக ஆடினார்கள் என்பதே கணக்கு.

முதல் போட்டி 1950-இல் அட்லாண்டிக் கடலிலுள்ள பெர்முடா தீவில் நடந்தது. அமெரிக்கா, பிரிட்டன், சுவீடன்-ஐஸ்லாந்து கூட்டணி என மூன்றே அணிகள். அமெரிக்கா வென்றது. 1957 முதல் இத்தாலியின் 'நீல அணி' கோலோச்சியது. 1969-க்குள் பத்து முறை பட்டம் பெற்றது. 1981-இல் ஜியா மஹ்மூத் ஆடிய பாகிஸ்தான் அணி இறுதிவரை வந்து உலகை வியக்க வைத்தது.

அதிர்ஷ்டத்தை விரட்டியாயிற்று. வஞ்சகத்தை விரட்டுவதுதான் கடினமாக இருந்தது. கூட்டாளியிடம் ஏலம் கேட்பதன் வழியாகவும் சீட்டு இறக்குவதன் வழியாகவும் மட்டுமே பேசலாம் என்பது விதி. 1965-இல் பியூனஸ் அயர்ஸில் ஒரு பிரிட்டிஷ் ஜோடி விரல் சைகை காட்டியதாகப் புகார் எழுந்தது. உலக சம்மேளனம் குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை விடுவித்தது. 1975-இல் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேஜைக்குக் குறுக்கே திரை வந்தது. அந்தப் போட்டியிலேயே ஓர் இத்தாலிய ஜோடி காலால் தட்டியதற்காகக் கண்டிக்கப்பட்டது! பிறகு திரை மேஜைக்கு அடியிலும் இறங்கியது.

2015-இல் போட்டி நம் சென்னைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் நார்வே வீரர் போயே புரோகெலாண்ட், தம்முடன் ஒரே அணியில் ஆடிய ஜோடி மீதே குற்றம் சாட்டினார். அவர்களுடன் சேர்ந்து வென்ற பட்டங்களையும் துறப்பதாக அறிவித்தார். ஆட்ட வீடியோக்களைப் பலரும் துருவி ஆராய, வேறு ஜோடிகளும் சந்தேக வளையத்துக்குள் வந்தன. இஸ்ரேல், மொனாக்கோ அணிகள் விலகின. போலந்தின் ஒரு ஜோடிக்குக் கடைசி நேரத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. மாற்று ஆட்களின்றி எஞ்சிய நால்வரே நாள்தோறும் ஆடினார்கள். இறுதியில் சுவீடனை வென்று பட்டம் பெற்றார்கள்.

எட்டுப் பேர், இரண்டு மேஜை, இரண்டு சீட்டுக்கட்டு இருந்தால் இந்த முறையை நம் சங்கத்திலும் ஆடிப் பார்க்கலாம். தோற்றால் சீட்டைக் குறை சொல்ல வழியிருக்காது, அவ்வளவுதான்!