உங்களுக்குத் தெரியுமா? திரும்பி வருவேன் என்று சொல்ல வேண்டாதவர்

மீஞ்சூரில் விடியற்காலை மின்சார ரயிலேறி, பிளாஸ்டிக் உறையிலிட்ட பத்திரங்களோடு அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் வரிசையில் நிற்கும் வாலிபர் அமெரிக்காவிலேயே குடியேறத்தான் புறப்படுகிறார் என்று முன்கூட்டியே அனுமானித்துக்கொண்டுதான், 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு விசாரணையைத் தொடங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூட இல்லாத இந்த நிரூபணப் பாரத்தை, சுற்றுலாப் பயணியும் மாணவரும், ஊரிலுள்ள வீடு, குடும்பம், உத்தியோகம் முதலியவற்றைக் காட்டியே இறக்கிவைக்க வேண்டும். ஆனால் எச்-1பி, எல்-1 விசா கோரும் நிபுணர்களுக்கு, 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இதிலிருந்து விலக்களித்தது. தற்காலிக வேலைக்குச் செல்லும்போதே அவர்கள் நிரந்தர வாசத்துக்கும் மனுச் செய்யலாம். 'இரட்டை உத்தேசம்' என்பது இச்சலுகையின் பெயர். எச்-1பிக்கோ, ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 என்ற உச்சவரம்பு தனியே காத்திருக்கிறது.